தெனாரியம்: பெயரில் பத்து, மதிப்பில் பதினாறு

குவைத்தில் வேலை பார்ப்பவர் ஊருக்கு அனுப்பும் தினாருக்கும் பழைய ரோமாபுரியின் வெள்ளிக்காசுக்கும் ஒரே வேர். அந்தக் காசின் இலத்தீன் பெயர் தெனாரியுஸ். 'தெனி' என்றால் பப்பத்து. தெனாரியுஸ் என்றால் பத்து கொண்டது. பத்து 'ஆஸ்' வெண்கலக் காசுக்கு இது ஒன்று.

கார்த்தேஜ் படைத்தலைவன் ஹன்னிபாலோடு ரோமுக்குப் போர் நடந்துகொண்டிருந்த கி.மு. 211 வாக்கில் இது வெளிவந்தது. தலைப்பக்கத்தில் இறக்கை வைத்த தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி. அவள் பிடரிக்குப் பின்னால் பெருக்கல் குறி போல ஓர் எழுத்து. அதுதான் ரோமானியப் பத்து. மறுபக்கம் காஸ்டர், பொல்லக்ஸ் என்ற தெய்வ இரட்டையர் குதிரையில் பாய்கிறார்கள். கி.மு. 140 வாக்கில் மதிப்பு 16 ஆஸ் ஆனது. பெயர் மட்டும் அப்படியே நின்றது. அணா ஒழிந்த பிறகும் 25 பைசாவை நாம் நாலணா என்று சொல்லவில்லையா, அப்படித்தான்.

எனக்குப் பிடித்தது கி.மு. 46இல் காரிசியுஸ் என்ற அதிகாரி வெளியிட்ட காசு. முன்னால் யூனோ மொனேட்டா தேவியின் முகம். பின்னால் பட்டடை, இடுக்கி, சுத்தியல். காசு தன்னை அடித்த கருவிகளையே காட்டுகிறது! அவள் கோயிலை ஒட்டித்தான் காசு அடிக்கும் அக்கசாலை இருந்தது. ஆங்கில 'மணி'யும் 'மிண்ட்'டும் அவள் பெயரிலிருந்து வந்தவை. அப்புறம் கி.மு. 44இல் சீசர் உயிரோடிருக்கும்போதே தன் முகத்தைக் காசில் ஏற்றினார். அவரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட காசில் இரண்டு குத்துவாள், நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய். மறுபக்கம் யார் முகம்? புரூட்டசின் முகமேதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் இது 'பணம்'. நல்ல தேர்வுதான், பணம் என்பதே ஒரு காலத்தில் தனி நாணயத்தின் பெயர், பிறகுதான் பொதுச்சொல்லானது. தெனாரியுசும் இத்தாலியில் 'தெனாரோ', ஸ்பெயினில் 'தினேரோ' என்று அதே வழியில் போய்ப் பணம் என்ற பொருளுக்கே வந்து சேர்ந்தது. ஆனால் 'ஒரு பணம்' என்றால் இன்றைய வாசகர் தடுமாறுவார். 'வெள்ளிக்காசு' எளிது, ஆனால் அரைத் தெனாரியமும் வெள்ளிக்காசுதான். பிந்தைய திருவிவிலியம் ஆளும் 'தெனாரியம்' என்பதே என் தேர்வு. முதல் முறை மட்டும் 'ரோமானிய வெள்ளிக்காசு' என்று சேர்த்துவிடலாம்.

கோவை வட்டாரப் புதையல்களில் கிடைத்த ரோமானியக் காசுகளில் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியுஸ் காலத்துத் தெனாரியங்களே அதிகம். திபேரியுஸ் காசைத் திருப்பினால், கையில் கோலோடு ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள்.