அடுப்பில்லாமல் கொதிக்கும் தண்ணீர்

தேவகோட்டையிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "மலைமேல் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்குமாமே, அதை வீட்டிலேயே பார்க்க முடியாதா?"

தாராளமாகப் பார்க்கலாம். மருந்துக்கடையில் 10 மில்லி சிரிஞ்சு ஒன்று, புதிதாக, ஊசி இல்லாமல் வாங்கிக்கொள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், கொதிக்கக் கொதிக்க ஒரு டம்ளர். பெரியவர் யாராவது இரண்டையும் கலந்து தரட்டும். ஏறக்குறைய 60 டிகிரி இருக்கும். அதுவும் தோலைச் சுடும் சூடுதான், துணி சுற்றிப் பிடி, முகத்துக்கு நேரே நீட்டாதே. கண்ணாடி பாட்டிலில் மட்டும் இதைச் செய்யவே கூடாது, நொறுங்கிச் சிதறும்.

3 மில்லி உறிஞ்சி, சிரிஞ்சின் மூக்கை மேலே தூக்கி, உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிவிடு. பென்சில் அழிக்கும் ரப்பரை மூக்கில் வைத்து அழுத்தியபடி தண்டை இழு.

நேற்று எங்கள் வீட்டு வளவில், ஆத்தங்குடிக் கல் தரையில் உட்கார்ந்து இழுத்தேன். தண்டு முனையில் இருக்கும் கறுப்பு ரப்பரின் விளிம்பிலிருந்து நூல் நூலாகக் குமிழ்கள் கிளம்பின, அப்புறம் தண்ணீர் முழுக்கத் தளதளவென்று கொதித்தது. "அடுப்பே இல்லாம கொதிக்குதேப்பா!" என்றார் அப்பத்தா.

தண்ணீருக்குள் ஒரு நீராவிக் குமிழ் பிறந்தால் வெளி அழுத்தம் உடனே அதை நசுக்கப் பார்க்கும். நம் தலைக்கு மேலிருக்கும் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். 60 டிகிரி நீராவிக்கு 149 தான் இருக்கிறது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. பிறந்த குமிழ் பிழைக்காது. தண்டை இழுத்து உள்ளழுத்தத்தை 149-க்கு இறக்கினால் பிழைத்துக்கொள்ளும். கொதிப்பது என்றால் இவ்வளவுதான். அடுப்பு செய்வது நீராவியின் அழுத்தத்தை உயர்த்துவது. நாம் எதிராளியின், அதாவது வெளியிலிருந்து நசுக்குவதன் அழுத்தத்தைக் குறைத்தோம். மலைமேல் காற்றின் அழுத்தம் தானாகவே குறைவு, அதனால்தான் அங்கே 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த நொடி. தண்டை விட்டதும் பட்டென்று உள்ளே போய் முட்டும், குமிழ் ஒன்றுகூட மிஞ்சாது. அத்தனையும் மறுபடி தண்ணீராகிவிட்டது! காற்றுக் குமிழாக இருந்திருந்தால் சுருங்கி அங்கேயே நின்றிருக்கும். வந்தது நீராவிதான் என்பதற்கு அந்த மறைவே சாட்சி.

நான் படித்த பள்ளியில் இதையே செய்து காட்டக்கூடிய, காற்றை உறிஞ்சும் பம்பு ஒன்று இருந்தது, அலமாரிக்குள், பூட்டோடு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் பூட்டை மட்டும் பார்த்து வளர்வது எனக்குப் பொறுக்கவில்லை. உடைந்தால் உடையட்டும் என்று ஆய்வகச் சாமான்களைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் அளவுக்குப் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, இன்னொன்றும் செய்து பார். ஊருணித் தண்ணீரைக் காய்ச்சாமல் அப்படியே எடுத்து, இதேபோல் இழுத்து விடு. இந்த முறை கடுகளவு குமிழ் ஒன்றிரண்டு மறையாமல் நிற்கும். அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று. ஊருணி மீன் மூச்சுக்கு எடுத்துக்கொள்வது அதில் இருக்கும் ஆக்சிஜனைத்தான்.