கவுல்நாமா: சொல் விளக்கம்

கவுல்நாமா (பெயர்ச்சொல்): கொடுத்த வாக்கை எழுத்தில் பதிந்து தரும் பத்திரம். அரபு 'கவ்ல்', பாரசீக 'நாமா' இரண்டும் சேர்ந்தது. ஏற்ற தமிழ்: உறுதிமுறி. ஒப்பந்தம் என்று மட்டும் எழுதினால் பொருள் பாதிதான் வரும். ஏன் என்பதைப் பாரசீக வளைகுடாவில் 1806-இல் எழுதப்பட்ட ஒரு கவுல்நாமாவைக் கொண்டு பார்க்கலாம்.

முதலில் வேர். அரபியில் 'கால' என்றால் சொன்னான். 'கவ்ல்' என்றால் சொல், சொன்ன வாக்கு. நாகூர் தர்காவில் கேட்கும் கவ்வாலியும் இதே வேரில் கிளைத்ததுதான். 'நாமா' பாரசீகத்தில் கடிதம், பத்திரம். நம் நீதிமன்றங்களில் வக்காலத்துநாமா இன்னும் உயிரோடு இருக்கிறது. ராஜினாமாவும் அந்தக் குடும்பமே: 'ராசி' என்றால் இசைவு. வழக்காடிய இருவரும் சமாதானமாகி எழுதிக் கொடுக்கும் இசைவுப் பத்திரம்தான் முதலில் ராசிநாமா. பதவி விலகல் கடிதம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. எழுதும்போது ஒரு கவனம் வேண்டும்: கவுள் (ளகரம்) சங்கப் பாடல்களில் வரும் தனித் தமிழ்ச் சொல், கன்னம் என்று பொருள். லகரக் கவுலுக்கும் அதற்கும் உறவு கிடையாது.

தமிழ்நாட்டில் கவுல் புதிய சொல் அல்ல. பாரசீகம் அலுவல் மொழியாக இருந்த காலத்தில் தக்காணம் வழியாக இறங்கி, கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய்க் கணக்குகளில் குடியேறியது. சென்னையே ஒரு கவுலில் தொடங்கிய ஊர்: 1639-இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் ஆங்கிலேயருக்குக் கொடுத்த உரிமைப் பத்திரத்தை அவர்களுடைய பழைய ஆவணங்கள் கவுல் என்றே சுட்டுகின்றன. 1672-இல் கோல்கொண்டா அதிகாரி நேக்நாம் கான் கொடுத்த கவுல், சென்னைக்காகக் கம்பெனி கட்டவேண்டிய தொகையை ஆண்டுக்கு 1,200 வராகன் (பொற்காசு) என்று நிலைப்படுத்தியது. பிற்காலத்தில் தரிசு நிலத்தை முதல் சில ஆண்டுகள் குறைந்த தீர்வைக்கு விட்டு, படிப்படியாக முழுத் தீர்வைக்கு உயர்த்தும் குத்தகைக்கும் கவுல் என்று பெயர். ஓடிப்போன குடிகளையோ எதிர்த்து நின்றவரையோ 'உனக்குத் தீங்கு வராது, வா' என்று அழைக்கக் கொடுத்த சீட்டும் கவுல்தான்.

இந்தப் பயன்பாடுகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுக்கூறு உண்டு. கவுலில் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். அது கொடுத்தவரின் சொல். அவர் பதவியில் இருக்கும்வரை, அவர் கை நீளும் தூரம்வரை செல்லும். ஆட்சி மாறினால் கவுலைப் புதுப்பித்து வாங்கவேண்டும். ஆளுக்கு ஆள் கொடுக்கும் வாக்கு இது. அரசுக்கும் அரசுக்கும் இடையே நிற்கும் உடன்படிக்கை வேறு.

இனி வளைகுடா. இன்றைய ராஸ் அல் கைமாவும் ஷார்ஜாவும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவாசிம் என்ற அரபுக் குலத்தின் கையில் இருந்தன. ஒருமையில் காசிமி, பன்மையில் கவாசிம். எதிர்க்கரையில், பாரசீகப் பக்கம், லிங்கே துறைமுகமும் அவர்களுடையதே. வளைகுடா வழக்கில் அரபு 'காஃப்' எழுத்தின் ஒலி பல இடங்களில் 'ஜ' ஆகும். அதனால் ஆங்கில ஆவணங்களில் இவர்கள் 'ஜோவாஸ்மி'. பழைய கோப்புகளைப் படிப்பவர்கள் இது வேறொரு குலம் என்று எண்ணி மயங்குவதுண்டு.

கம்பெனி இந்தக் கடலில் வாங்கிய முதல் கவுல்நாமா கவாசிமிடம் பெற்றதல்ல. 1798 அக்டோபர் 12-இல் மஸ்கட் ஆட்சியாளர் சுல்தான் பின் அகமது, கம்பெனியின் முகவர் மெஹ்தி அலி கானிடம் கொடுத்தது அது. போர் நடக்கும்வரை பிரெஞ்சுக்காரருக்கும் டச்சுக்காரருக்கும் தம் நாட்டில் இடம் தருவதில்லை என்பதே அதன் சாரம். கவாசிம் அந்த மஸ்கட்டின் பகைவர்கள். மஸ்கட்டின் நண்பனாகக் கம்பெனி ஆனபோதே அவர்களோடு உரசல் தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். 1804-05-இல் 'ஷானன்', 'ட்ரிம்மர்' என்ற இரண்டு கப்பல்கள் கவாசிம் கையில் சிக்கின. மஸ்கட்டில் இருந்த கம்பெனி அதிகாரி கேப்டன் டேவிட் சீட்டன் பேச்சுவார்த்தைக்கு அமர்ந்தார்.

1806 பிப்ரவரி 6-இல் பாரசீகக் கரையின் பந்தர் அப்பாஸில் பத்திரம் எழுதப்பட்டது. கவாசிம் தலைவர் ஷேக் சுல்தான் பின் சக்ர் நேரில் வரவில்லை. அவருக்காக அப்துல்லா பின் கரூஷ் கையெழுத்திட்டார். இரு பக்கத் தலைமையும் பின்னர் உறுதிசெய்தால்தான் செல்லும் என்பது ஏற்பாடு. ஆறு கூறுகள். காசிமிகள் கம்பெனியின் கொடியையும் உடைமையையும் குடிகளையும் மதிப்பது, கம்பெனியும் அவ்வாறே நடப்பது. மீறினால் 30,000 டாலர் தண்டம் (அன்றைய வெள்ளி நாணயம், அமெரிக்க டாலர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்). மஸ்கட்டில் நின்ற கப்பலைச் சீட்டன் பெற்றுக்கொண்டு, அதன் சரக்கு, பீரங்கி பற்றியும் ஷானன் பற்றியும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. விறகுக்கோ தண்ணீருக்கோ ஒதுங்கிய கப்பலுக்கும், காற்றில் கரை தட்டிய கப்பலுக்கும் உதவவேண்டும். அதன் பொருளில் பங்கு கேட்கக்கூடாது. இவை நடந்தால் சூரத்திலிருந்து வங்காளம் வரையிலான ஆங்கிலத் துறைமுகங்களுக்குக் காசிமிக் கப்பல்கள் முன்போல் வரலாம்.

ஊன்றிப் படிக்கவேண்டியது ஐந்தாவது கூறு. நடு அரேபியாவை ஆண்ட வஹாபி (கடும் சீர்திருத்தச் சமயப் பிரிவு) ஆட்சியாளர் சவூத் இந்தச் சமாதானத்தை முறிக்கக் கட்டாயப்படுத்தினால், காசிமிகள் எல்லா இடங்களுக்கும் மூன்று மாதம் முன்னதாக அறிவிக்கவேண்டும் என்கிறது அது. அதாவது, வாக்குக் கொடுப்பவருக்கு மேலே இன்னொருவர் இருக்கிறார், அவர் சொன்னால் வாக்கு நிற்காது என்பதைப் பத்திரமே ஒப்புக்கொள்கிறது. கவுல் என்ற சொல்லின் இயல்புக்கு இது முற்றிலும் பொருந்துகிறது. உடன்படிக்கையாகப் பார்த்தால் பெரிய ஓட்டை.

அந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாம் ஒழுகியது. 1809 வாக்கில், திரியாவைத் தலைநகராகக் கொண்ட அதே சவூத் சுல்தான் பின் சக்ரைப் பிடித்து வைத்து, தமக்கு வேண்டியவரை அந்த இடத்தில் அமர்த்தினார். வாக்குக் கொடுத்தவர் போனதும் வாக்கும் போயிற்று. 1809 நவம்பரில் கேப்டன் வெய்ன்ரைட், லெப்டினன்ட் கர்னல் லயனல் ஸ்மித் தலைமையில் பம்பாயிலிருந்து சென்ற படை ராஸ் அல் கைமாவைத் தாக்கி, ஐம்பதுக்கு மேற்பட்ட கப்பல்களை எரித்துவிட்டுத் திரும்பியது. எரித்தார்களே ஒழிய, எவரிடமும் எதையும் எழுதி வாங்கவில்லை. 1814-இல் பாரசீகத் துறைமுகமான புஷெஹ்ரில் கம்பெனி அதிகாரி வில்லியம் புரூஸ், புதிய தலைவர் ஹசன் பின் ரஹ்மாவின் தூதரோடு எழுதிய பூர்வாங்கப் பத்திரமும் நிலைக்கவில்லை.

யார் சார்பில் வாக்கு என்பதோடு, யாருக்கு வாக்கு என்ற சிக்கலும் இருந்தது. செங்கடலில் சூரத் வணிகர்களின் கப்பல்கள் பிடிபட்டதற்கு ஈடு கேட்டு 1816-இல் ஆங்கிலக் கப்பல்கள் ராஸ் அல் கைமா முன் வந்து நின்றன. ஹசன் பின் ரஹ்மாவின் வாதம் இப்படிப் போனது: கிறிஸ்தவர்களையும் அவர்கள் உடைமையையும் மதிக்கிறோம், வாக்கு அவர்களுக்குத்தான், இந்தியாவில் உள்ள எல்லோரையும் உங்கள் குடிகள் என்று நீங்கள் சேர்த்துக்கொண்டே போனால் எங்களுக்குக் கடலில் என்ன மிஞ்சும்? திமிர்ப் பேச்சு என்று ஆங்கிலேயர் எழுதிவைத்தார்கள். ஆனால் கவுல் என்ற அளவில் அதில் நியாயம் உண்டு. கம்பெனியின் 'குடிகள்' என்றால் யார் யார் என்று 1806 பத்திரம் வரையறுக்கவே இல்லை. கடல்வணிகக் காப்பு எழுதும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி அது. அன்று சில குண்டுகள் வீசப்பட்டன, பலன் இல்லை, கப்பல்கள் திரும்பின.

1819 டிசம்பரில் மேஜர் ஜெனரல் வில்லியம் கிராண்ட் கெய்ர் ஏறக்குறைய 3,000 வீரர்களோடு வந்து, சில நாள் முற்றுகையில் ஊரைப் பிடித்தார். 1820 ஜனவரி 8-இல் ஹசன் பின் ரஹ்மா கையெழுத்திட்டதோடு தொடங்கி, மற்றத் தலைவர்கள் ஒவ்வொருவராக ஒப்பமிட்ட ஆவணத்துக்குப் பெயர் 'பொது உடன்படிக்கை'. அதில் அவர் 'கத், பலாயா ஊர்களின் ஷேக், முன்பு ராஸ் அல் கைமாவின் ஷேக்' என்று குறிக்கப்படுகிறார். அந்த 'முன்பு' என்ற சொல்லிலேயே பேச்சுவார்த்தை எந்த நிலையில் நடந்தது என்பது தெரிந்துவிடும்.

இதில் கவுலின் சாயல் இல்லை. 11 கூறுகளும் வேறு வகையான எழுத்து. 1806-இல் மீறலுக்குப் பணத் தண்டம். இங்கே கொள்ளையடிப்பவன் 'மனித குலம் முழுமைக்கும் பகைவன்', உயிரும் பொருளும் இழப்பான். எது போர், எது கொள்ளை என்பதற்கு வரையறை வந்தது: ஓர் அரசு இன்னோர் அரசுமீது அறிவித்து, ஒப்புக்கொண்டு, ஆணையிட்டு நடத்துவதே போர். வாக்கை நம்புவதற்குப் பதில், கண்ணால் சரிபார்க்கக்கூடிய அடையாளங்கள் வைக்கப்பட்டன. சிவப்புக் கொடி, சுற்றிலும் வெள்ளைக் கரை, வெள்ளையின் அகலம் சிவப்பின் அகலத்துக்குச் சமம். ஷார்ஜாவும் ராஸ் அல் கைமாவும் இன்றும் வெள்ளைக்குள் சிவப்பு பதித்த கொடியையே வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கப்பலிலும் இரண்டு தாள்கள்: தலைவர் ஒப்பமிட்ட பதிவுத் தாளில் கப்பலின் பெயர், நீளம், அகலம், எத்தனை காரா (சரக்கு அளவு) பிடிக்கும் என்பது, புறப்பாட்டுத் தாளில் உரிமையாளர், நாகுதா (கப்பல் தலைவர்), ஆட்களின் எண்ணிக்கை, ஆயுதங்களின் எண்ணிக்கை, எங்கிருந்து எப்போது கிளம்பியது, எந்தத் துறைக்குப் போகிறது என்பது. நாகுதா என்ற சொல் நம் மரைக்காயர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. கப்பலை நிறுத்திக் கேட்டால் இரண்டையும் காட்டவேண்டும். காட்டாதவர் சந்தேகத்துக்கு உரியவர்.

எட்டாம், ஒன்பதாம் கூறுகள் ஆயுதத்தைக் கீழே போட்டவரைக் கொல்வதையும், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளைக் கடத்துவதையும் கடற்கொள்ளையாக அறிவித்தன. கவாசிமைக் கொள்ளையர் என்று முத்திரை குத்தியது கம்பெனியின் வணிக ஆசை என்று ஷார்ஜாவின் ஆட்சியாளர் சுல்தான் பின் முகமது அல் காசிமி நூலே எழுதியிருக்கிறார். அந்தச் சர்ச்சை தீரவில்லை. ஆயினும் தமிழில் எழுதுவோர் 'கடற்கொள்ளையர்' என்பதை ஆவணத்தின் சொல்லாக எழுதலாம், தம் சொல்லாக எழுதவேண்டாம்.

மூன்றாவது வகை 1835-இல் வந்தது. அதிகாரி சாமுவேல் ஹென்னல் முன்னிலையில் மே 21 முதல் ஆறு மாதத்துக்குக் கடலில் சண்டை கூடாது என்று தலைவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அது முத்துக்குளிப்புக் காலம். சண்டை போட்டால் எல்லோருக்கும் பட்டினி. காலவரம்பு இருந்ததால் கௌரவக் குறைவு யாருக்கும் இல்லை, எனவே மீண்டும் மீண்டும் புதுப்பித்தார்கள். 1843-இல் பத்தாண்டு, 1853-இல் நிரந்தரம். பதவி மீண்டு வந்த சுல்தான் பின் சக்ர் 1806-க்குப் பிறகு 1820, 1835, 1853 எல்லாவற்றிலும் இருக்கிறார். ஒரே ஆள், மூன்று வகைப் பத்திரங்கள். அந்தக் கரைக்கு ஆங்கிலத்தில் 'ட்ரூசியல்' (போர்நிறுத்தம் சார்ந்த) என்ற அடைமொழி வந்தது இந்தப் போர்நிறுத்தத்தால்தான்; 1971-இல் ஐக்கிய அரபு அமீரகம் உருவாகும்வரை அது நீடித்தது.

ஆகவே தமிழாக்கத்தில் இவற்றைக் கலக்கக்கூடாது. 1798, 1806 ஆவணங்களை முதல் குறிப்பில் கவுல்நாமா என்று பெயர் சொல்லி, அடுத்து உறுதிமுறி என்று எழுதலாம். முறி என்பது ஓலையில் எழுதிய பத்திரத்துக்குப் பழந்தமிழ் வழக்கு. 'உறுதி' கொடுத்தவரின் வாக்கைக் காட்டும். உறுதிமொழி என்றால் வாயால் சொன்னதாகிவிடும், எழுத்து தெரியாது. 1820-ஐப் பொது உடன்படிக்கை என்பது சரி. 1835-ஐக் கடல் போர்நிறுத்தம் என்றும், 'ட்ரூசியல்' கரையைப் போர்நிறுத்தக் கரை என்றும் சொல்லலாம். உடன்படிக்கை நாடுகள் என்று எழுதினால் 1820-ஐயும் 1835-ஐயும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

நம் ஊர்க் கோப்புகளில் கவுல் வரும்போது உறுதிமுறி எல்லா இடத்திலும் பொருந்தாது. நிலத்துக்குக் கொடுத்திருந்தால் குத்தகைச் சீட்டு. வந்து சரணடைய அழைத்ததாக இருந்தால் அடைக்கலச் சீட்டு. குத்தகையா என்று ஐயம் வந்தால் உடன் முச்சலிக்கை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வாங்கியவர் பதிலுக்கு எழுதிக் கொடுக்கும் கடப்பாட்டுச் சீட்டு அது. நிலக் கவுல் என்றால் பெரும்பாலும் அந்த இணைச் சீட்டும் இருக்கும்.