ஸ்பகெட்டி வெஸ்டர்ன்: சேமியா போட்டுக் கெடுத்த சொல்

இத்தாலியத் திரையிசை அமைப்பாளர் என்னியோ மோரிகோனேயின் இசை பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ் சப்டைட்டிலுடன் பார்த்துக்கொண்டிருந்தேன். நள்ளிரவு நெருங்கியிருந்தது. சீழ்க்கை எழுந்தது, சவுக்கு சொடுக்கியது, கிதார் அதட்டியது. திரையின் அடியில் ஒரு வரி ஓடியது: ‘சேமியா மேற்கத்தியப் படங்களுக்கான மேற்கத்திய இசை.’ ‘ஸ்பகெட்டி வெஸ்டர்ன்’ என்பதன் மொழிபெயர்ப்பாம் இது. சேமியாவைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ‘மேற்கத்திய’ என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. இதே சொல்லை ஒரு திரைப்பட விழாக் கையேட்டில் பார்த்தேன், ஒரு வார இதழின் அஞ்சலிக் கட்டுரையில் பார்த்தேன், இப்போது இங்கே. மூன்று முறை வந்த பிழை நான்காம் முறை வழக்காகிவிடும். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஸ்பகெட்டி இத்தாலியச் சொல். ‘ஸ்பாகோ’ என்றால் கயிறு; அதிலிருந்து வந்த ஸ்பகெட்டி, சின்னச் சின்னக் கயிறுகள். வெஸ்டர்ன் என்பது மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால், 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் குடியேறிய அமெரிக்க நிலத்தின் கதையைச் சொல்லும் படம். இரண்டையும் 1960களில் ஒட்டினார்கள். ஒட்டியவர் அல்ஃபோன்சோ சாஞ்செஸ் என்ற ஸ்பானியப் பத்திரிகையாளர் என்று சொல்வதுண்டு. இத்தாலியர் எடுத்த வெஸ்டர்ன் என்பது பொருள். மட்டம் தட்டுவது நோக்கம். வேர் இவ்வளவுதான்.

இனி பிழை. தமிழில் ‘மேற்கத்திய’ என்றால் என்ன? மேற்கத்திய நாடுகள், மேற்கத்திய மருத்துவம், மேற்கத்திய உடை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்த முழு உலகத்துக்கு நாம் வைத்திருக்கும் அடைமொழி அது. ‘மேற்கத்திய இசை’ என்றால் பாக், மொஸார்ட், பீத்தோவன். அப்படியிருக்க, ‘மேற்கத்தியப் படம்’ என்று படிக்கும் வாசகர் குதிரையையும் துப்பாக்கியையுமா நினைப்பார்? பெர்க்மன் படமெடுத்த சுவீடனும் கோதார் படமெடுத்த பாரிசும்கூட அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும். இத்தாலியே மேற்கத்திய நாடுதானே. இத்தாலியர் எடுத்த மேற்கத்தியப் படம் என்பது தஞ்சாவூர்க்காரர் செய்த தமிழ்நாட்டுச் சமையல் என்பது போல. தவறில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை.

வெஸ்டர்ன் என்ற சொல்லுக்குள் இருக்கும் மேற்கு ஒரு வட்டாரத்தின் பெயர். டெக்சாஸ், அரிசோனா, நியூ மெக்சிகோ. நமக்குக் கொங்கு, தொண்டை மண்டலம் எப்படியோ அப்படி. ‘தென்பாண்டிச் சீமைக் கதைகள்’ என்பதை ஒருவர் ‘தென்னிந்தியக் கதைகள்’ என்று வேற்றுமொழியில் எழுதினால் சும்மா இருப்போமா? ‘அகராதியில் அப்படித்தானே இருக்கிறது’ என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வாதாடினார். அகராதியில் இருக்கிறது ஐயா. அகராதி படம் பார்ப்பதில்லை.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய்க் ‘குடபுலப் படம்’ என்றார். அழகான பழஞ்சொல், ஆனால் குடபுலம் சேர நாடு. ஸ்பகெட்டி வெஸ்டர்ன் நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட்டைக் கொடுங்கல்லூரில் பார்க்க எனக்கு விருப்பமில்லை. மேற்கு என்ற சொல்லே நம்மிடம் வேறு மாதிரி பிறந்தது. மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு: மலைத்தொடரிலிருந்து வங்கக் கடலுக்குச் சரியும் நிலத்தில் வாழ்ந்தவர்களின் சொற்கள். ஆங்கிலத்தின் ‘வெஸ்ட்’, அந்தியைக் குறிக்கும் லத்தீனின் ‘வெஸ்பெர்’ என்ற சொல்லுக்கு உறவு. நமக்கு ஏறுமிடம், அவர்களுக்குச் சூரியன் விழுமிடம். பாதிப் படங்களில் நாயகன் கடைசியில் அந்தி வெயிலுக்குள் குதிரையை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால், வேர்ச்சொல் ஆராய்ச்சியை இயக்குநர்கள் நம்மைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்றே தோன்றும்.

இதைவிடப் பெரிய வேடிக்கை, இந்தப் படங்களில் மேற்கே கிடையாது என்பது. இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் டாலர் வரிசை எனப்படும் மூன்று படங்களில் முதல் படம் 1964இல் வந்தது. அதன் பாலைவனம் ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில், அல்மேரியா வட்டாரத்தில் உள்ளது. கதை ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘யோஜிம்போ’ படத்திலிருந்து எடுத்தது. வழக்காகி, வருவாயில் 15 விழுக்காடு ஜப்பானுக்குப் போனது. நாயகன் ஈஸ்ட்வுட் மட்டும் கலிஃபோர்னியாக்காரர், சம்பளம் 15,000 டாலர். இத்தாலியர் எடுத்த வெஸ்டர்ன் என்று தெரிந்தால் சொந்த ஊரிலேயே மதிக்கமாட்டார்கள் என்று பயந்து, லியோனே ‘பாப் ராபர்ட்சன்’ ஆனார், மோரிகோனே ‘டான் சாவியோ’ ஆனார். கதை கிழக்கு, நிலம் தென்கிழக்கு, பெயர்கள் பொய். இதற்கு நாம் வைக்கும் பெயர் ‘மேற்கத்தியம்’!

சேமியாவுக்கு வருகிறேன். இந்த ஏளனப் பெயரை மற்றவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். இத்தாலியர் ‘இத்தாலியப் பாணி வெஸ்டர்ன்’ என்கிறார்கள். ஜெர்மானியர் ‘இத்தாலோ வெஸ்டர்ன்’ என்று முடித்துக்கொண்டார்கள். ஜப்பானியர் மட்டும் ஸ்பகெட்டியை மக்ரோனி ஆக்கினார்கள். அதுவும் மாவுப் பண்டம், அதுவும் இத்தாலியப் பண்டம், குறைந்தது ஊர் மாறவில்லை. பிறகு இது ஒரு நோயாகப் பரவி, 1975இல் வந்த ‘ஷோலே’யைக் ‘கறி வெஸ்டர்ன்’ என்றார்கள். மோரிகோனேவுக்கே ‘ஸ்பகெட்டி’ என்ற அடைமொழி பிடிக்காது. நம் படங்களை வடக்கே யாராவது ‘இட்லிப் படம்’ என்று அழைத்தால், அதை மொழிபெயர்த்து நாமே சுவரொட்டியில் போட்டுக்கொள்வோமா?

சரி, மொழிபெயர்த்தே தீர வேண்டுமென்றாலும் சேமியா எப்படிப் பொருந்தும்? சேமியா என்றதும் நமக்குப் பாயசம், அவசரத்துக்கு உப்புமா. கல்யாணப் பந்தியின் மணம் வருகிறது. துப்பாக்கிப் புகையின் மணம் வரவில்லை. நீளத்தையும் உருவத்தையும் பார்த்தால் இடியாப்பம்தான் நெருங்கி வரும். கொங்கு நாட்டார் சந்தகை என்பார்கள். ‘சந்தகை வெஸ்டர்ன்’ என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டில் தேங்காய்ப்பால் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

தமிழில் இதற்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது: கௌபாய் படம். அறிஞர் குழு கூடி வைத்த பெயர் இல்லை. டிக்கெட் வாங்கியவர்கள் வைத்தது. எம். கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) ஆகியவற்றைக் கௌபாய் படம் என்றுதான் பார்த்தார்கள். இத்தாலியர்களின் மேற்கு நமக்குத் திரைக்கு வெளியேயும் பழக்கம். 1948இல் இத்தாலியில் பிறந்த காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லர், 1980களில் சிவகாசி வழியாகத் தமிழ் பேசத் தொடங்கினார். அந்த காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர்களிடம் போய் ‘மேற்கத்தியக் கதாநாயகன்’ என்று சொல்லிப் பாருங்கள், ஷெர்லாக் ஹோம்ஸா என்று கேட்பார்கள். ஆகவே என் பரிந்துரை: இத்தாலியக் கௌபாய் படம். நாடு இருக்கிறது, வகை இருக்கிறது, ஏளனம் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை மறைக்கமாட்டேன். கௌபாய் என்றால் மாடு மேய்ப்பவன்; இந்தப் படங்களில் மாட்டைத் தேடத்தான் வேண்டும். இருப்பவர்கள் தலைக்கு விலை வைத்த கொள்ளையரும், அந்த விலைக்காகத் துரத்துகிறவர்களும்தான். அமெரிக்கப் படங்களில் மந்தை இருக்கும், புல்வெளி இருக்கும், காத்திருக்கும் பெண் இருக்கிறாள், அது முல்லை. இத்தாலியர் படத்தில் வெயில், புழுதி, வழிப்பறி, வறண்ட கிணறு, அது பாலை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை என்று இளங்கோவடிகள் சொன்னது, ஹாலிவுட் முல்லை அல்மேரியாவில் திரிந்து போனதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆறலை கள்வரும் நண்பகலும் நம் பாலைக்கு உரியவை. துப்பாக்கிச் சண்டை நடக்கும் வேளையும் பெரும்பாலும் அதுதான். ‘பாலைப்படம்’ என்று ஒரு கட்டுரையில் எழுதிப் பார்த்தேன். ஆசிரியர் அதை ‘பழைய படம்’ என்று திருத்தி அச்சிட்டார். கௌபாயோடு நிறுத்திக்கொண்டேன்.

இசை விஷயத்தில் இந்த ‘மேற்கத்திய’ செய்யும் கேடு இன்னும் மோசம். லியோனேயும் மோரிகோனேயும் பள்ளித் தோழர்கள். முதல் படத்தில் பணம் குறைவு; பெரிய இசைக்குழுவை நினைத்துப் பார்க்க முடியாது. ஹாலிவுட் கௌபாய் படங்களின் வயலின் கூட்டத்துக்குப் பதிலாக அலெஸ்ஸாண்ட்ரோ அலெஸ்ஸாண்ட்ரோனியின் சீழ்க்கை வந்தது, அவருடைய மின்கிதார் வந்தது, சவுக்கு வந்தது, பட்டறைக் கல்லில் சுத்தியல் விழுந்தது. பிறகு பாடகி எட்டா தெல்லோர்சோவின் சொற்களற்ற குரல் சேர்ந்தது. 1968இன் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ படத்துக்கு முக்கிய இசையை முன்கூட்டியே எழுதிவிட்டார்கள். படப்பிடிப்புத் தளத்தில் அதை ஒலிக்கவிட்டு நடிகர்களை நடக்க வைத்தார் லியோனே. வசனத்தையெல்லாம் பின்னால் டப்பிங்கில் ஒட்டுவது இத்தாலிய வழக்கம் என்பதால் அது முடிந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இந்தப் படங்களை மறக்கவிடாமல் செய்வது இந்த ஒலிதான். கதை மறந்தவர்களுக்கும் அந்தச் சீழ்க்கை வரும். ‘மேற்கத்திய இசை’ என்ற வழக்கமான பெட்டிக்குள் அடங்காமல் திமிறியதால்தான் அது இன்னும் ஒலிக்கிறது. அதைப் பிடித்து அதே பெட்டிக்குள் போட்டுப் பூட்டுகிறது நம் மொழிபெயர்ப்பு.

அதே ஆவணப்படத்தில் இன்னொரு வரி: ‘யூதர்களின் யாழ் இசைக்கப்படுகிறது.’ அந்தக் கருவிக்கு ஆங்கிலத்தில் அப்படியொரு பெயர், உண்மைதான். ஆனால் அதில் யூதரும் இல்லை, யாழும் இல்லை. பல்லிடுக்கில் வைத்து விரலால் மீட்டும் இரும்பு நாக்கு அது. டிசம்பர் கச்சேரியில் கடத்துக்கும் கஞ்சிராவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மோர்சிங்! 1965இல் வந்த இரண்டாவது டாலர் படத்தின் தொடக்க இசையைக் கேட்டால் எந்தச் சபா ரசிகரும் கண்டுபிடித்துவிடுவார். சிசிலித் தீவின் நாட்டார் இசையிலிருந்து வந்த கருவி. இத்தாலியர் அதற்கு வைத்த பெயருக்குக் ‘கவலைவிரட்டி’ என்று பொருள். எவ்வளவு நல்ல பெயர்! கையருகே மோர்சிங் கிடக்க, ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போய் யாழைத் தூக்கி வந்திருக்கிறார் மொழிபெயர்ப்பாளர்.

ஆங்கிலம் வழியாகச் சுற்றுவதுதான் நோய் என்று நினைக்கிறேன். 1966இன் புகழ்பெற்ற மூன்றாவது டாலர் படத்துக்கு இத்தாலியத் தலைப்பு நல்லவன், அழகற்றவன், கெட்டவன் என்ற வரிசையில் வரும். ஆங்கிலத்தில் கடைசி இரண்டும் இடம் மாறின. அமெரிக்க முன்னோட்டத்தில் அதனால் ஆளே மாறிப் போய், கெட்டவனாக நடித்த லீ வான் கிளீஃப் அழகற்றவன் ஆனார், அழகற்றவனாக நடித்த ஈலை வாலக் கெட்டவன் ஆனார். தமிழிலோ ‘அசிங்கமானவன்’ என்று எழுதுகிறார்கள். முகலட்சணம் இல்லாதவனை அசிங்கமானவன் என்றால் அவன் என்ன செய்துவிட்டான் என்றல்லவா கேட்கத் தோன்றும்?

ஆவணப்படத்தை வெளியிட்டவர்களுக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் பணிவான பதில் வந்தது, திருத்திவிட்டதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். யாழ் அப்படியே இருக்கிறது. சேமியா போய்விட்டது. இப்போது ‘நூடுல்ஸ் மேற்கத்தியப் படங்கள்’ என்று வருகிறது.