‘கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?’

பேதியாகிறது என்று ஒன்று, ஒன்றரை வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பெரும்பாலும் பதில் வராது. எத்தனை தடவை போனது, என்ன நிறம், நுரையா சளியா என்று விலாவாரியாகச் சொல்வார்கள். சிலர் செல்போனில் படமே எடுத்து வைத்திருப்பார்கள். (தாராளமாகக் காட்டுங்கள். ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்க அது எனக்கு உதவும்.) சிறுநீர்க் கணக்கு மட்டும் டயபருக்குள் காணாமல் போய்விடுகிறது.

வயிற்றுப்போக்கில் உயிருக்கு ஆபத்து, உடம்பை விட்டுப் போகும் தண்ணீராலும் உப்பாலும் வருகிறது. இழந்தது உள்ளே திரும்பிக்கொண்டிருக்கிறதா என்பதற்கு வீட்டிலேயே கிடைக்கும் அடையாளம் சிறுநீர். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒரு சொட்டும் போகவில்லை என்றால் குழந்தை வறண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால் பேதி நாட்களில் பகலிலாவது டயபரைக் கழற்றிவிட்டு ஒரு பருத்தித் துணியைக் கட்டிவிடுங்கள். துவைக்கிற வேலை கூடும்தான். நாலைந்து நாள் பொறுத்துக்கொள்ளலாம்.

“ஓஆர்எஸ் (பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுத்தீங்களா?” என்றால் எல்லாரும் “கொடுத்தோம் டாக்டர்” என்பார்கள். எப்படிக் கரைத்தீர்கள் என்று கேட்டால்தான் சங்கதி வெளியே வரும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டைப் பிரித்து, அதில் ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கியிருப்பார்கள். மிச்சத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்திருப்பார்கள். பவுடர் வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்தப் பாக்கெட்டில் இருப்பது அளந்து போட்ட மருந்து: 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு. ஆக 20.5 கிராம், ஒரு லிட்டருக்கு. கண்ணளவில் போட்டுக் கெட்டியாகிப்போனால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புகூட வரலாம். நீர்த்துப்போனால் பலன் குறையும். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்குங்கள். அளவுக்கு ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில் போதும். கலந்தபின் மறுபடி காய்ச்சக் கூடாது. 24 மணி நேரம் கழித்து மிஞ்சுவதைக் கீழே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். மனசு வரவில்லை என்றால் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட் மருந்துக் கடையில் கிடைக்கிறது.

இந்த அளவுக்கு நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் குடலின் குணம். வைரஸ் தாக்கிய குடலிலும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து வந்தால் இரண்டையும் உள்ளே விடும், கூடவே தண்ணீரும் போகும். சர்க்கரை அதிகமானால் கதை தலைகீழ். அது உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான போங்காவ்னில் அகதிகளிடையே காலரா பரவியது. ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பிவைத்து, நோயாளிகளின் உறவினர்களையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே இறங்கியது. கொடுத்தவர்கள் நர்ஸ்கள்கூட இல்லை, அம்மாக்களும் அண்ணன்களும். “டிரிப்ஸ் ஒண்ணு போட்டுட்டா தெம்பாயிடுவான்ல டாக்டர்?” என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

அட்டைப் பெட்டியில் ஸ்ட்ராவோடு வரும் பழச்சுவைப் பானங்கள் பல ஆண்டுகளாக ஓஆர்எஸ் என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு விற்கப்பட்டன. சர்க்கரை ஏராளம், உப்பு சொற்பம். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் நீண்ட காலம் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் குளுக்கோஸ் பவுடரும் ஓஆர்எஸ் ஆகாது. இளநீர் குடிக்கலாம், ஆனால் அதில் சோடியம் குறைவு.

“கொடுத்தா வாந்தி எடுத்துடறான்” என்பது அடுத்த புகார். தாகத்தில் இருக்கிற பிள்ளையிடம் டம்ளரையோ பாட்டிலையோ கொடுத்தால் மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே கக்கும். ஸ்பூனால் கொடுங்கள், ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக ஆரம்பியுங்கள். ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி போக வேண்டும். அலுப்பான வேலை, ஒரே ஆள் செய்ய முடியாது. அப்பா, தாத்தா, யாராக இருந்தாலும் முறை வைத்து உட்காருங்கள்.

பேதியை உடனே நிறுத்த மாத்திரை கேட்காதீர்கள். பெரியவர்கள் போடும் லோபராமைடு சின்னக் குழந்தையின் குடலை அசைவற்றதாக்கிவிடும். ஆன்டிபயாடிக்கும் பெரும்பாலும் தேவைப்படாது. இந்த வயதில் பேதிக்குக் காரணம் அநேகமாக வைரஸ்தான், ஐந்து முதல் ஏழு நாளில் தானாக அடங்கும். மூன்றாம் நாள் டாக்டரை மாற்றி, ஐந்தாம் நாள் சரியானால் புது டாக்டருக்குக் கைராசி என்று பேர்! துத்தநாக (ஜிங்க்) மாத்திரை மட்டும் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றதும் பாதியில் விட்டுவிடுவதுதான் வழக்கம். முழுசாகக் கொடுங்கள்.

வயிற்றுக்கு ஓய்வு என்று பட்டினி போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்குக் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். இட்லி, தயிர்ச்சாதம், பருப்புச்சாதம், வாழைப்பழம் எதுவானாலும் சரி. சோறு உள்ளே போனால்தான் குடல் தேறும்.

பாட்டிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். “உச்சிக்குழி அமுங்கியிருக்கு” என்று அவர்கள் சொன்னால் நான் காது கொடுத்துக் கேட்பேன். நீர் வற்றியதற்கு அது சரியான அடையாளம். அதற்கு எண்ணெய் வைப்பதோடு நின்றுவிடுவதுதான் கோளாறு. ஆனால் தொண்டையில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லித் தொக்கம் எடுப்பது, தலைகீழாகப் பிடித்துக் குடல் தட்டுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். தொண்டைக்குள் விரல் விட்டுப் புண்ணாக்கி, குடிக்கிற கொஞ்சத்தையும் குடிக்கவிடாமல் செய்துவிடுகிறார்கள். “பல் முளைக்குது, அதான்” என்று காத்திருப்பதும் நேரத்தைத் தின்னும்.

கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பினால் உடனே கிளம்புங்கள். மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, எதைக் கொடுத்தாலும் தங்காத வாந்தி இவற்றுக்கும் அப்படித்தான். ஓயாமல் அழுத பிள்ளை சட்டென்று அமைதியாகித் துவண்டு கிடந்தால் ‘அப்பாடா, தூங்குறான்’ என்று நினைத்துவிடாதீர்கள். எழுப்பிப் பாருங்கள். சரியாக விழிக்கவில்லை, குடிக்க முடியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வழியிலும், விழித்து விழுங்க முடிகிற பிள்ளைக்கு ஸ்பூன் நிற்க வேண்டாம்.