களிம்பு போதாதபோது: எக்ஸிமாவுக்கு உள்ளே போகும் மருந்துகள்

"களிம்பு பூசிப் பூசி அலுத்துவிட்டது டாக்டர், உள்ளுக்கு ஏதாவது கொடுங்கள்." தோல் வறண்டு சிவந்து அரிக்கும் எக்ஸிமாவோடு வருடக்கணக்கில் போராடுபவர்கள் தோல் மருத்துவரிடம் இப்படிக் கேட்பது வழக்கம். நியாயமான கோரிக்கைதான். ஆனால் நல்ல மருத்துவர் உடனே மருந்துச் சீட்டை எடுக்கமாட்டார். முதலில் சந்தேகப்படுவார்.

இது எக்ஸிமாதானா? சிரங்கும் இப்படித்தான் அரிக்கும். நிக்கல், வாசனைப் பொருள் போன்றவற்றின் ஒவ்வாமையும் இதே தோற்றத்தில் வரும். அதைக் கண்டுபிடிக்க முதுகில் சிறு ஒட்டுகளை 48 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். நடுவயதில் முதன்முதலாகத் தடிப்பு வந்தால், அபூர்வமான தோல் லிம்போமா என்ற புற்றுநோயாக இருக்குமோ என்று தோல் துணுக்கும் எடுப்பதுண்டு.

அடுத்த கேள்வி, களிம்பை எவ்வளவு பூசினீர்கள் என்பது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். ஸ்டீராய்டு பயத்தில் பலர் அதில் கால்வாசிகூடப் பூசுவதில்லை. பூசாத களிம்பைத் தோற்றுப்போன களிம்பு என்று எண்ணிவிடக்கூடாது.

சரியாகப் பூசியும் அடங்கவில்லை, இரவுத் தூக்கம் போய்விட்டது என்றால் உள்மருந்தின் முறை. நோய் பரவிய பரப்பு மட்டும் கணக்கில்லை. முகத்திலும் கைகளிலும் மட்டுமே இருந்தாலும் அது வாழ்க்கையைக் குலைக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது: பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு மாத்திரையான இது சில நாட்களில் தோலை அடக்கிவிடும். நிறுத்தினால் பலருக்கு முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பும். மறுபடி மாத்திரை, மறுபடி சீற்றம். நீண்ட காலத்துக்குப் போனால் எலும்பு, சர்க்கரை, கண் என எல்லாவற்றுக்கும் கேடு. அதனால்தான் மருத்துவர்கள் இதைத் தொடர்சிகிச்சையாகத் தரத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைக் கஞ்சத்தனமாக நினைக்காதீர்கள்.

பழைய மருந்துகளில் சைக்ளோஸ்போரின் வேகமானது. நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களைத் தட்டி எழுப்பும் கால்சினியூரின் நொதியைத் தடுக்கிறது. விலையாகச் சிறுநீரகமும் ரத்த அழுத்தமும் பாதிக்கப்படலாம். எனவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் திரும்பத் திரும்பப் பார்த்து, பெரும்பாலும் ஓராண்டுக்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். மெத்தோட்ரெக்ஸேட் மெதுவானது, பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இதை வாரம் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தவறிப்போய்த் தினமும் விழுங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கருத்தரிக்க நினைப்பவர்களுக்கு இது கூடாது.

இந்த மருந்துகள் நோய் எதிர்ப்பாற்றலைப் பரவலாக அடக்குபவை. டுபிலுமாப் வேறு வகை. எக்ஸிமாவில் டி செல்கள் சுரக்கும் இன்டர்லூகின் 4, இன்டர்லூகின் 13 என்ற இரண்டு தூதுகள் தோலின் அரண் புரதங்களைக் குறைத்து, அரிப்பையும் மூட்டுகின்றன. அந்த இரண்டும் வந்து ஒட்டும் ஏற்பியை இந்த ஊசி மூடிவிடுகிறது. அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்றது. பெரியவர்களுக்கு முதலில் 600 மில்லிகிராம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 300. வழக்கமான ரத்தப் பரிசோதனை தேவைப்படுவதில்லை. சிலருக்குக் கண் சிவந்து உறுத்தும். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உபடாசிட்டினிப், அப்ரோசிட்டினிப் ஆகியவை ஜேக் என்ற நொதியைத் தடுக்கும் மாத்திரைகள். செல்லுக்குள் செய்தி கடத்தும் அந்த நொதியையே நிறுத்துவதால் சிலருக்கு அரிப்பு ஓரிரு நாளில் குறைகிறது. ஆனால் காசநோய், மஞ்சள் காமாலை வைரஸ், ரத்த அணுக்கள், கொழுப்பு என எல்லாம் சோதித்த பிறகே தொடங்குவார்கள். 65 வயதைக் கடந்தவர், புகைப்பவர், ரத்த உறைவோ மாரடைப்போ வந்தவர் என்றால் இன்னும் எச்சரிக்கை.

எனவே ஒரே மாதிரி தடிப்புள்ள இருவருக்கு வெவ்வேறு மருந்து கிடைப்பதில் வியப்பில்லை. ரத்தக் கொதிப்பு இருப்பவருக்குச் சைக்ளோஸ்போரின் பொருந்தாது. ஊசிக்கு அஞ்சுபவருக்கு மாத்திரை பற்றி யோசிப்பார்கள். புதிய மருந்துகளைப் பொதுவாக 16 வாரம் பார்த்துவிட்டு, தொடரலாமா மாற்றலாமா என்று முடிவெடுப்பார்கள். அதுவரை மாய்ஸ்சரைசரை நிறுத்தக்கூடாது.