மாடியில் மீன் தொட்டி: ‘பத்துப் பேர் நின்னா தாங்குதே’ கணக்கு

தொட்டியை வாங்கி, நாலு பேர் பிடித்து மாடிக்கு ஏற்றி, தண்ணீரும் ஊற்றி, மீனும் விட்டபிறகுதான் கேள்வி வருகிறது: “சார், தளம் தாங்குமா?” வாங்குவதற்கு முன் கேட்டால் என்ன?

முதலில் எடை. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 9 கன அடி, அதாவது 255 லிட்டர். தண்ணீர் மட்டும் 255 கிலோ. 10 மில்லிமீட்டர் கண்ணாடி 50 கிலோவைத் தாண்டும். இரண்டு அங்குலம் கூழாங்கல் பரப்பினால் 45 கிலோ. இரும்பு ஸ்டாண்டையும் சேர்த்தால் 400 கிலோவை நெருங்கிவிடும். 6 அடிக்கு 2 அடிக்கு 2 அடி தொட்டியில் தண்ணீரே 680 கிலோ.

இதைச் சொன்னால் உடனே வருவது, “விசேஷத்துக்குப் பத்துப் பேர் நிக்கிறாங்களே, அப்ப தாங்குதே?” பத்துப் பேர் 650 கிலோ, சரி. ஆனால் 120 சதுர அடி அறையில் அவர்கள் பரவி நிற்கிறார்கள். சதுர அடிக்கு ஐந்தரை கிலோகூட வராது. உங்கள் தொட்டி ஆறே சதுர அடியில் உட்காருகிறது; சதுர அடிக்கு 65 கிலோ. வீட்டுத் தளத்துக்கு ஐ.எஸ். 875 (கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி) சொல்லும் பயன்பாட்டுச் சுமை, அதாவது ஆள், சாமான் எடை, சதுர மீட்டருக்கு 200 கிலோ, அதாவது சதுர அடிக்கு 19 கிலோவுக்கும் குறைவு. அதோடு விருந்தாளி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார், தொட்டி போகாது. நாள் கணக்கில்லாமல் ஒரே இடத்தில் எடை நின்றால் கான்கிரீட் மெல்ல மெல்லத் தொய்யும். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் இருக்கிறதே என்பார்கள். ஒழுங்காகக் கட்டிய வீட்டில் அது சுவர் மேலோ பீம் மேலோ நிற்கிறது. தளத்தின் நடுவில் இல்லை.

அதற்காக 19ஐத் தாண்டினால் இடிந்துவிடும் என்று பயப்படவும் வேண்டாம். அது அறை முழுக்கப் பரப்பிய கணக்கு. நல்ல ஆர்.சி.சி. தளத்தில் 4 அடி தொட்டியைச் சரியான இடத்தில் வைக்கலாம்.

சரியான இடம் எது? 10க்கு 14 அறையில் மெயின் கம்பி 10 அடிப் பக்கமாக ஓடி 14 அடிச் சுவர்களில் உட்காரும். அந்த 14 அடிச் சுவரை ஒட்டி, தொட்டியின் நீளம் சுவரோடு போகும்படி வையுங்கள். எடையில் பெரும்பங்கு சுவருக்கே இறங்கும், மிச்சத்தைப் பல கம்பிகள் பகிர்ந்துகொள்ளும். கீழ்வீட்டில் அதே இடத்தில் ஒன்பதங்குலச் சுவரோ பீமோ இருக்கிறதா என்று இறங்கிப் போய்ப் பாருங்கள். தளத்தின் மேல் எழுப்பிய நாலரை அங்குலத் தடுப்புச் சுவரை நம்பாதீர்கள்; அதையே அந்தத் தளம்தான் சுமக்கிறது. ஸ்டாண்டுக்கு அடியில் பிளைவுட் போட்டால் டைல்ஸ் தப்பிக்கும், அவ்வளவுதான். தளத்தின் வளைவு குறையாது.

பால்கனியில் வேண்டவே வேண்டாம். அங்கே பாரம் தாங்கும் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அதைக் கீழே அழுத்திவிடுவது ஊரறிந்த விஷயம்.

கும்பகோணம் பக்கத்துப் பழைய மச்சு வீடுகளிலும் மேலே வேண்டாம். மெட்ராஸ் ஒட்டு, அதாவது தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிப் போட்ட தளம்; அதில் கட்டையின் நுனி சுவருக்குள் உளுத்திருந்தாலும் கரையான் அரித்திருந்தாலும் வெளியே தெரியாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று. கீழ்க்கூரையில் துருக்கறை, கம்பி ஓடும் வரிசையில் விரிசல், தட்டினால் பொள்ளென்ற சத்தம், இதில் ஒன்று இருந்தாலும் முதலில் தளத்தைப் பழுது பாருங்கள். மீன் காத்திருக்கும்.

நிரப்புவதிலும் அவசரம் கூடாது. முதலில் வாசலில் வைத்து மூன்று நாள் நிரப்பி ஒழுக்கு பாருங்கள். மாடியில் ஒரு நாளைக்குக் கால் பங்காக ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் கீழ்க்கூரையில் புது விரிசல் வருகிறதா, கீழ்வீட்டுக் கதவு இறுகுகிறதா என்று பாருங்கள். வந்தால் அன்றே தண்ணீரை இறக்கிவிட்டு பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

நம் டெல்டாக் களிமண் குறுவைக்குத் தண்ணீர் வந்ததும் உப்பும், சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரம் ஆழம் போதாத வீடு அதோடு சேர்ந்து அசையும். தொட்டி ஒரு பக்கம் சாய்ந்தால் முதலில் விடுவது சிலிக்கான் ஒட்டுதான். வருடத்துக்கு இரண்டு தடவை, சித்திரையில் ஒன்று, ஐப்பசி மழைக்குப் பின் ஒன்று, ஸ்டாண்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.