விரல் மாட்டுவது சுமையை இறக்கும்போதுதான்

கோவைப் பக்கம் பம்ப், மோட்டார் செய்யும் பட்டறைகளில் பாதுகாப்பு அலுவலராகப் பல வருடம் சுற்றியிருக்கிறேன். கை நசுங்கிய விபத்துகளை விசாரித்தால், தூக்கும்போது நடந்தவை குறைவு. தூக்கும்போது எல்லோருக்கும் கவனம் இருக்கிறது. இறக்கி வைக்கிற கடைசி இரண்டு அங்குலத்தில்தான் விரல் அடியில் மாட்டுகிறது.

லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) சக் மாற்றுவதையே பாருங்கள். கடைய வேண்டிய பொருளைக் கவ்விப் பிடித்துச் சுற்றும் இரும்பு வட்டுதான் சக். 10 அங்குல சக் சுமார் 30 கிலோ. "நானே பார்த்துக்கிறேன்" என்று ஒரே ஆள் நெஞ்சோடு அணைத்துக் கழற்றுவார். கடைசி மரை விட்டதும் மொத்த எடையும் கைக்கு வரும். அடியில் லேத் பெட், அதாவது இயந்திரத்தின் இரும்பு அடித்தளம். அப்படி மோதிர விரல் நசுங்கிய ஒரு தம்பியை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கல்யாண மோதிரம் வேறு. விரல் வீங்கிப்போய், மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். சக்கின் வளைவுக்கு வெட்டிய ஒரு மரக்கட்டை பெட்டின் மேல் இருந்திருந்தால், சக் அதில் உட்கார்ந்திருக்கும். தச்சருக்கு அரை மணி நேர வேலை. மறுநாள் செய்தோம்.

காஸ்டிங்கை (வார்ப்பு இரும்புப் பாகத்தை) தரையில் வைப்பதென்றால், தூக்குவதற்கு முன்பே இரண்டு ரீப்பர் கட்டையைப் போட்டுவிடுங்கள். விரலை உருவ இடைவெளி கிடைக்கும். செயின் பிளாக்கில் (சங்கிலி இழுத்துச் சுமை தூக்கும் கருவி) ஏற்றும்போது, ஸ்லிங் (சுமையைச் சுற்றிக் கட்டும் பட்டை அல்லது கயிறு) இறுகுகிற நேரத்தில் அதைப் பிடித்திருக்கக் கூடாது.

இருவர் தூக்கினால் ஒருவர்தான் குரல் கொடுக்க வேண்டும். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் "ம்". ஒருவருக்கு அது "இரு", இன்னொருவருக்கு "விடு".

"கிளவுஸ் போட்டிருந்தானே சார்?" என்பார்கள். கிளவுஸ் இரும்புப் பிசிறு கையைக் கிழிக்காமல் காக்கும். 30 கிலோவைத் தாங்காது. சுற்றுகிற டிரில் பக்கம் போட்டால், அதுவே கையை உள்ளே இழுத்துவிடும்.

விரல் துண்டானால் காயத்தில் காபித்தூள் வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். துண்டை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை கெட்டுவிடும்.

அப்புறம், "வீட்டுக் கதவில் நசுங்கியதுன்னு சொல்லிடு" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டவணைப்படி கட்டை விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, சுண்டு விரலுக்கு 7. வேலையில் பட்ட காயம் என்று அன்றே விபத்துப் பதிவேட்டில் ஏறவில்லையென்றால், இதற்கான பணத்துக்குப் பிறகு வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.